ஒரு லத்தீன் சொல்லைப் பல மொழிகளில் தேடிப் பொருள் காண்பது எப்படி: ‘கேமரா’வை முன்வைத்து ஒரு வழிகாட்டி

லத்தீனில் கேமரா என்பது வளைவாகக் கட்டப்பட்ட மேற்கூரையைக் குறித்த சொல். அந்த ஒரு சொல்லிலிருந்துதான் இத்தாலியரின் படுக்கையறை, ரஷ்யரின் சிறைக் கொட்டடி, ஹங்கேரியரின் உணவுப்பொருள் அறை, ஸ்பெயின் நாட்டு உணவகத்தில் பரிமாறுபவர், ஆங்கிலேயரின் தோழர், இந்தி பேசுவோர் வீட்டு அறைக்கு வழங்கும் பெயர், நாம் படம் எடுக்கும் கருவி ஆகிய அனைத்துக்கும் சொற்கள் கிடைத்திருக்கின்றன. இப்படிச் சிதறிக் கிடக்கும் பொருள்களை ஒரு நூலில் கோத்துப் பார்க்க விரும்புகிறவர் எங்கே தொடங்க வேண்டும், எந்த வரிசையில் செல்ல வேண்டும், எந்த இடங்களில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதை இந்தச் சொல்லை வைத்தே இங்கு விளக்குகிறேன். வேறொரு லத்தீன் சொல்லை எடுத்துக்கொண்டாலும் வேலை ஏறத்தாழ இதே முறையில்தான் நடக்கும்.

தொடங்கும் முன் ஓர் எதிர்பார்ப்பைக் களைந்துவிடுவது நல்லது. இரு மொழிகளில் ஒரே ஒலியோடு ஒரு சொல்லைக் கண்டதும் பொருளும் ஒன்றாகவே இருக்கும் என்று நம் மனம் முடிவு கட்டிவிடுகிறது. கேமராவின் வரலாற்றிலோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறான நிலையைக் காண்கிறோம். லத்தீன் வடிவத்திலிருந்து வெகுதூரம் விலகிய சொற்கள் அறை என்ற பழைய பொருளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. லத்தீன் எழுத்துகளைச் சற்றும் குலைக்காமல் சுமந்து வரும் சொற்களோ 19-ஆம் நூற்றாண்டுக் கருவியைக் குறிக்கின்றன. இத்தாலியம் போன்ற விதிவிலக்குகள் உண்டு. அவற்றுக்கும் காரணம் உண்டு.

முதலில் லத்தீனிலேயே சற்று நிற்க வேண்டும்

இன்றைய மொழிகளில் தேடுவதற்கு முன், லத்தீனில் அந்தச் சொல் எந்தக் காலத்தில் என்ன பொருளில் வழங்கியது என்று பார்க்க வேண்டும். லத்தீன் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எழுதப்பட்ட மொழியாதலால் ‘லத்தீனில் இதன் பொருள் இது’ என்று ஒரே வரியில் முடிக்கும் குறிப்புகளால் பெரிய பயன் இல்லை. 1879-இல் வெளிவந்த லூயிஸ்–ஷார்ட் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அது ஒவ்வொரு பொருளுக்கும் எந்த ஆசிரியர் எந்த நூலில் ஆண்டார் என்று காட்டுவதால் தொடக்கத்துக்கு ஏற்றது. ஆனால் அது தரும் வேர்ச்சொல் விளக்கங்கள் 19-ஆம் நூற்றாண்டு அறிவோடு நின்றுவிட்டவை. அந்தப் பகுதியை மட்டும் புதிய நூல்களோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

கேமராவைப் பொறுத்தவரை, கி.மு. 54-இல் ரோமானிய எழுத்தாளர் சிசரோ தன் தம்பிக்கு எழுதிய கடிதம் நல்ல சான்று. தம்பியின் வீட்டுக் கட்டுமானத்தைப் பார்வையிட்ட அவர், சில கேமராக்கள் தமக்குப் பிடிக்கவில்லை என்றும் அவற்றை மாற்றச் சொல்லிவிட்டதாகவும் எழுதுகிறார். அவர் குறிப்பிடுவது வளைவுக் கூரைகளை. கருங்கடற்கரையில் கி.பி. 69-இல் நடந்த கலகத்தை விவரிக்கும் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், மேலே பலகைகள் வளைந்து மூடிக்கொள்ளும் ஒருவகைப் படகுக்கும் இதே பெயர் இருந்ததைச் சொல்கிறார். லத்தீனுக்கு இச்சொல்லைக் கொடுத்தது கிரேக்கம், கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் கமாரா என்று எழுதுவது கூரை போட்ட வண்டியை. கூரை, படகு, வண்டி ஆகிய மூன்றுக்கும் பொதுவாக இருப்பது மேலே வளைந்து மூடுவது என்னும் கருத்து. இந்த மையக் கருத்தைக் குறித்துக்கொள்ளாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. அறைக்குச் செவ்வியல் லத்தீனில் வேறு சொற்கள் இருந்தன. கேமரா அறையையே குறிக்கத் தொடங்கியது பிற்கால லத்தீனில்தான்.

மரபாக வந்த சொல்லா, கடனாக வந்த சொல்லா?

அடுத்த கேள்வியில்தான் பாதி விடை அடங்கியிருக்கிறது. பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம், போர்த்துகீசியம், ருமேனியம் ஆகியவை லத்தீனின் வழிவந்த மொழிகள். அவற்றில் ஒரு லத்தீன் சொல் இரண்டு வாசல்களில் நுழைந்திருக்கலாம். தலைமுறை தலைமுறையாக மக்களின் பேச்சில் தொடர்ந்து வந்திருந்தால் அது மரபுச் சொல். அந்த மொழியின் ஒலி மாற்றங்கள் அனைத்துக்கும் அது உட்பட்டிருக்கும். பிற்காலத்தில் அறிஞர்களோ வணிகர்களோ பிற மொழிக்காரரோ கொண்டுவந்து சேர்த்திருந்தால் அது கடன் சொல்; பழைய ஒலி மாற்றங்கள் அதைத் தொட்டிருக்காது.

பிரெஞ்சில் இரண்டும் உள்ளன. அறைக்குரிய ஷாம்ப்ர் என்ற சொல் கேமராவின் நேர் வாரிசு. லத்தீனில் ‘க’ ஒலியோடு தொடங்கிய சொற்கள் வட பிரான்சின் பேச்சில் முதலில் ‘ச்’ என்றும் பின்னர் ‘ஷ’ என்றும் மாறின; பாடுவதைக் குறித்த காந்தாரே ஷாந்தே ஆனதும், வயலைக் குறித்த காம்புஸ் ஷான் ஆனதும், குதிரையைக் குறித்த கபால்லுஸ் ஷெவால் ஆனதும் இதே விதியால்தான். நடுவில் இருந்த உயிரெழுத்து தேய்ந்து மறைந்தபோது மகரமும் ரகரமும் அடுத்தடுத்து வந்து நின்றன. உதடுகளை மூடி மகரத்தை ஒலித்துவிட்டு நேராக ரகரத்துக்குப் போக முயன்றால், உதடு திறக்கும் நொடியில் ஒரு பகரம் தானாக வந்து விழுகிறது. எண்ணைக் குறித்த நுமெருஸ் பிரெஞ்சில் நோம்ப்ர் ஆனதும் இப்படித்தான். இலங்கை மலையகத் தமிழில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் அறைக்கு வழங்கும் காம்பரா என்ற சொல்லில் மகரத்துக்குப் பின் இருக்கும் பகரமும் இதே வகையினது. பாரிசில் நடந்தது நம் வாயிலும் நடந்திருக்கிறது.

இந்த ஒலி விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாற்றத்தை ஒரு சொல்லில் கண்டால், அதே மாற்றம் நிகழ்ந்த வேறு இரண்டு மூன்று சொற்களைத் தேடி எடுக்கும் பழக்கம் இருந்தால் போதும். துணைக்கு வேறு சொற்கள் கிடைத்தால் அது விதி. கிடைக்காவிட்டால் அது ஊகம்.

ஒலி மாற்றம் காலத்தையும் காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தின் சேம்பர் பிரெஞ்சிலிருந்து சென்றது. ஆயினும் அது இன்றைய பிரெஞ்சைப் போல ‘ஷ’ என்று தொடங்காமல் ‘ச்’ என்றே தொடங்குகிறது. பிரெஞ்சில் அந்த ஒலி இன்னும் ‘ச்’ ஆக இருந்த காலத்திலேயே ஆங்கிலம் அதை வாங்கிக்கொண்டது என்பதே இதன் பொருள். தலை என்ற பொருளுடைய ஒரே பிரெஞ்சுச் சொல்லைப் பழங்காலத்தில் வாங்கிய ஆங்கிலம் அதைச் சீஃப் என்றும், நெடுங்காலம் கழித்து மறுபடி வாங்கியபோது ஷெஃப் என்றும் வைத்திருப்பது இதற்கு இணையான சான்று. அயர்லாந்தின் ஐரிஷ் மொழியில் அறைக்குரிய ஷோம்ரா என்ற சொல்லும் அதே பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து கிளைத்ததே.

ஜெர்மனின் கம்மர் இந்த மாற்றங்கள் எதையும் காணாதது. ரோமானியரின் கல் கட்டடங்களோடு சுவர், சன்னல், ஓடு, நிலவறை ஆகியவற்றுக்கான லத்தீன் சொற்களும் ஜெர்மானிய மக்களிடம் போய்ச் சேர்ந்தன. மௌவர், ஃபென்ஸ்டர், சீகல், கெல்லர் என்று அவை இன்றும் ஜெர்மனில் வாழ்கின்றன. கம்மரும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. சொற்கள் தனியாகப் பயணம் செய்வது அரிது. ஒரு சொல்லின் வழி புலப்படாதபோது, அதே துறையைச் சேர்ந்த அண்டைச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

போன சொல் திரும்பி வருவதும் உண்டு. அறையைக் கவனித்துக்கொள்ளும் அரண்மனை அதிகாரியைக் குறிக்க ஜெர்மானியர் இந்த லத்தீன் சொல்லோடு தம் மொழியின் விகுதியைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கலப்புச் சொல்லைப் பிரெஞ்சும் இத்தாலியமும் திரும்ப வாங்கின. ஆங்கிலத்தின் சேம்பர்லினும், போப்பாண்டவர் மறைந்தபின் புதியவர் தேர்ந்தெடுக்கப்படும்வரை வத்திக்கான் நிர்வாகத்தைக் கவனிக்கும் கமெர்லெங்கோ என்னும் கர்தினாலின் பதவிப் பெயரும் அந்தச் சொல்லே.

பொருள் மாறிய வழியை ஆகுபெயர் காட்டும்

வடிவத்தின் பாதை தெளிந்தபின் பொருளின் பாதைக்கு வர வேண்டும். இதற்கு அயல் இலக்கணங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. பள்ளியில் படித்த ஆகுபெயரே போதுமான கருவி என்பது என் கருத்து.

கூரையின் பெயர் அறைக்கு ஆனது சினையாகுபெயர். ‘தலைக்கு இவ்வளவு’ என்னும்போது உறுப்பின் பெயர் ஆளைக் குறிப்பதுபோல, மேலே மூடிய பகுதியின் பெயர் கீழே உள்ள இடம் முழுவதையும் குறித்தது. அறையின் பெயர் அதில் இருப்பவற்றுக்கு ஆனது இடவாகுபெயர். கேமராவின் பொருள்கள் பெருகியது பெரும்பாலும் இதனால்தான்.

அரசரின் பணமும் நகையும் வைக்கப்பட்ட அறை கருவூலம் ஆயிற்று. கருவூலத்தின் பெயர் நிதி நிர்வாகத்துக்கு ஆயிற்று. ஜெர்மன் நகராட்சிகளில் நிதிப் பொறுப்பாளரை இன்றும் கெம்மரர் என்கிறார்கள். அரசின் வருவாயையும் நிர்வாகத்தையும் கற்பிப்பதற்காகப் பிரஷ்யாவின் மன்னர் முதலாம் ஃபிரெடரிக் வில்லியம் 1727-இல் ஹாலேயிலும் ஒடர் ஆற்றங்கரைப் பிராங்க்ஃபர்ட்டிலும் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவிகளை ஏற்படுத்தினார். அந்தத் துறைக்குக் கேமரலியம் என்று பெயர். அகராதியில் இந்தச் சொல்லைக் காணும் ஒருவர் ஒளிப்படக் கலையைச் சார்ந்தது என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆலோசனைக்காகக் கூடிய அறையின் பெயர் கூடியவர்களுக்கு ஆனது மற்றொரு கிளை. இத்தாலிய நாடாளுமன்றத்தின் கீழவை இன்றும் கேமரா என்றே அழைக்கப்படுகிறது. நெதர்லாந்தின் கீழவைக்கு இரண்டாம் காமர் என்று பெயர். ஈரவை முறையைக் குறிக்கும் பைகேமரல் என்ற ஆங்கிலச் சொல்லிலும் கேமராவே இருக்கிறது. அவை என்ற தமிழ்ச் சொல் கூடும் இடத்தையும் கூடியவரையும் ஒருங்கே குறிப்பதால் இந்தக் கிளையை நாம் எளிதில் புரிந்துகொள்கிறோம். தேவாலயத்தில் இசைக்காமல் மாளிகை அறையில் சிலர் மட்டும் கூடி வாசித்த இசைக்கு இத்தாலியர் அறை இசை என்று பெயரிட்டார்கள். பல ஐரோப்பிய மொழிகளில் அந்தப் பெயர் தத்தம் வடிவில் வழங்குகிறது. நீதிமன்றத்தில் பொதுமக்களை வெளியேற்றிவிட்டு நடத்தும் விசாரணையை லத்தீனில் ‘இன் கேமரா’ என்பார்கள். அறைக்குள் நடப்பது என்று பொருள்படும் அதை ஒளிப்பதிவோடு நடக்கும் விசாரணை என்று புரிந்துகொண்டால், மறைத்து நடத்துவதைப் பதிவு செய்து பரப்புவதாக எழுதிவிடுவோம்.

அறை மனிதர்களையும் பெயரிட்டது. ஸ்பானியத்தில் கமராதா என்பது முதலில் ஒரே அறையில் தங்கும் படைவீரர் கூட்டத்தைக் குறித்தது. பிறகு அந்தக் கூட்டத்தில் உள்ள ஒருவரை. பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போய்க் காம்ரேட் ஆன அந்தச் சொல் அரசியல் மேடைகளில் ஏறியது அதற்கு நெடுங்காலத்துக்குப் பின். அறையில் பணி செய்பவரான கமரேரோ ஸ்பெயினில் உணவகத்துப் பரிமாறுபவர் ஆனார்; இத்தாலியில் அவர் கமெரியேரே.

அறை என்றால் நான்கு பக்கமும் மூடிய வெற்றிடம் என்ற உருவகத்தால் விரிந்த பொருள்களும் உண்டு. இதயத்தின் அறை, துப்பாக்கியில் குண்டு அமரும் அறை, வண்டிச் சக்கரத்தின் உள்ளே காற்றடைக்கும் குழாய் ஆகியவை அவ்வகை. இந்தக் கடைசிப் பொருள் பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் ரஷ்யனிலும் ஒருங்கே இருக்கிறது, ஆங்கிலத்தில் இல்லை. ரஷ்யனில் ஒரே காமெரா என்ற சொல் சிறைக் கொட்டடி, சக்கரத்தின் காற்றுக்குழாய், தொடர்வண்டி நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை வைக்கும் அறை, நிகழ்படக் கருவி ஆகிய நான்குக்கும் பொது. வாக்கியச் சூழலைப் பார்க்காமல் அங்கே பொருள் சொல்லவே முடியாது.

இருட்டறை சுருங்கிக் கருவியான கதை

ஒரு சொல்லின் புதிய பொருள் பழைய பொருளோடு எவ்வகையிலும் ஒட்டவில்லை என்றால், அது ஒரு தொடரின் எஞ்சிய பாதியா என்று சோதிக்க வேண்டும். கேமரா என்ற கருவிப் பெயர் அப்படிப்பட்டதே. இருளடைந்த அறையின் சுவரில் சிறு துளையிட்டால் வெளியே உள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். 1604-இல் கெப்ளர் தம் ஒளியியல் நூலில் இதற்குக் கேமரா ஒப்ஸ்கூரா, அதாவது இருட்டறை, என்ற பெயரை ஆண்டார். அறை பெட்டியாகச் சுருங்கியது. பெட்டியில் வில்லை பொருத்தப்பட்டது. பெயர் மட்டும் தொடர்ந்தது. 1806-இல் வில்லியம் ஹைட் வொலாஸ்டன் ஓவியர்களுக்காக ஒரு பட்டகக் கருவிக்கு உரிமம் பெற்று அதற்குக் கேமரா லூசிடா, அதாவது ஒளியறை, என்று பெயரிட்டார். அந்தக் கருவியில் அறை இல்லை, பெட்டியும் இல்லை. ஒரு கம்பியில் பொருத்திய பட்டகம் மட்டுமே. கேமரா என்றால் காட்சியைப் பிடித்துத் தரும் கருவி என்ற எண்ணம் அதற்குள் வேரூன்றிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியவில்லை. 1839-இல் டகேரின் ஒளிப்பட முறை வெளியானபின் ஒப்ஸ்கூரா என்ற அடைமொழி படிப்படியாக உதிர்ந்தது.

இத்தாலியருக்கு இங்கே ஒரு சிக்கல் இருந்தது. அவர்கள் மொழியில் கேமரா அன்றாடம் படுத்து உறங்கும் அறையாகவே தொடர்ந்ததால், கருவியை ஒளிப்பட இயந்திரம் என்று பொருள்படும் மாக்கினா ஃபொத்தோக்ராஃபிகா என்று சொன்னார்கள். தொலைக்காட்சிக்கானதை டெலிகேமரா என்றார்கள். பிரெஞ்சுக்காரர் லத்தீன் தொடரைத் தம் சொல்லால் ஷாம்ப்ர் நுவார் என்று பெயர்த்துக்கொண்டார்கள். திரைப்படக் காலத்தில் ஆங்கிலத்திலிருந்து காமெராவைத் தனியே கடன் வாங்கினார்கள். அதனால் பிரெஞ்சில் காமெரா என்றால் நிகழ்படம் எடுக்கும் கருவி மட்டுமே. நிழற்படம் எடுப்பதற்கு வேறு பெயர். போலிஷ் மொழியிலும் இதே பாகுபாடு உண்டு. ஜெர்மனிலும் ஸ்பானியத்திலும் அது இல்லை. பிரேசில் நாட்டவர் ஒரே ஓர் உயிரெழுத்தை மாற்றி அவையைக் கமரா என்றும் கருவியைக் கமெரா என்றும் பிரித்துக்கொண்டார்கள்.

இத்தகைய இரட்டைகளைத் தேடி எடுப்பதுதான் இந்த வேலையின் சுவையான பகுதி. ஹங்கேரியனில் மூன்றே சொற்கள்: கொம்ரா உணவுப்பொருள் வைக்கும் அறை, கொமொரா வணிகச் சங்கம் போன்ற அவை, கொமெரா கருவி. நவீன கிரேக்கத்தில் அழுத்தம் நடு அசையில் விழுந்தால் கட்டட வளைவு, முதல் அசையில் விழுந்தால் அறை, நடு உயிர் எகரமானால் கருவி. வளைவு என்ற ஆதிப் பொருள் கிரேக்கத்தில் இன்றும் சாகவில்லை. தெசலோனிகி நகரில் உள்ள கலேரியுஸ் பேரரசரின் வளைவை மக்கள் கமாரா என்றே அழைக்கிறார்கள்.

ஆசியாவுக்கு வந்த இரு வழிகள்

லத்தீனோடு நேரடித் தொடர்பே இல்லாத மொழியில் ஒரு லத்தீன் சொல் இருந்தால், இடையில் நின்ற மொழி எது என்று கேட்க வேண்டும். இந்தியின் கம்ராவும் வங்காளியின் காம்ராவும் சிங்களத்தின் காமரயவும் போர்த்துகீசியர் கொண்டுவந்தவை. அதே கப்பல்களில் அலமாரி, சன்னல், மேசை ஆகிய சொற்கள் தமிழுக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் மூலமும் லத்தீனே. இந்தோனேசியாவில் அறைக்கு வழங்கும் காமார், டச்சுக்காரரின் காமர். பின்னர் கருவியின் பெயர் இந்த மொழிகளுக்கெல்லாம் தனியே வந்தது. அதனால்தான் இலங்கைத் தமிழில் காம்பராவும் கமராவும், இந்தியில் கம்ராவும் கேமராவும், இந்தோனேசியனில் காமாரும் காமெராவும் இணை இணையாக நிற்கின்றன.

சொல் வராமல் பொருள் மட்டும் வருவதும் உண்டு. துருக்கியில் ஓடா என்ற சொந்தச் சொல்லுக்கு அறை என்று பொருள். வணிகச் சங்கத்தையும் அவர்கள் வணிக ஓடா என்கிறார்கள். அரபியிலும் அறைக்குரிய குர்ஃபா என்ற சொல்லே அந்த இடத்தில் நிற்கிறது. நாம் இதய அறை என்று சொல்வதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

ஏமாற்றும் ஒற்றுமைகள்

ஸ்பானியத்தில் காமா என்றால் கட்டில். அறையும் கட்டிலும் நெருக்கமானவை என்பதால் இதைக் கேமராவின் குறுக்கம் என்று நினைக்கத் தோன்றும்; ஆனால் அது பிற்கால லத்தீனில் ஸ்பெயின் பகுதியில் வழங்கிய வேறொரு சொல். போர்த்துகீசியத்தில் கமரௌன் என்பது இறால். ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டுப் பெயர் அந்த இறாலிலிருந்து வந்தது, அறையிலிருந்து அன்று. சுவாஹிலியில் சும்பா என்றால் அறை. ஒலியும் பொருளும் ஆங்கிலச் சேம்பரோடு ஒத்துப்போகின்றன. ஆயினும் வீட்டைக் குறிக்கும் நியும்பா என்ற சொல்லின் வேரோடு அந்த மொழியின் முன்னொட்டு சேர்ந்து பிறந்த சொந்தச் சொல் அது. பன்மையில் வியும்பா என்று அதன் முன்னொட்டு மாறுவதே போதிய சான்று. ஒரு சொல் அந்த மொழியின் இலக்கணத்துக்குள் எப்படி வளைகிறது என்று பார்ப்பது இத்தகைய ஐயங்களைத் தீர்க்கும்.

கேமரா அரபிச் சொல் என்ற கூற்று பரவலாக உலவுகிறது. இருட்டறையில் விழும் பிம்பத்தை ஆராய்ந்த அரபு அறிவியலாளர் இப்னு அல்-ஹைதம் அதற்குச் சூட்டிய பெயரே இது என்பது வாதம். அவர் பிறந்தது கி.பி. 965-ஐ ஒட்டி, சிசரோவின் கடிதம் அதற்கு ஆயிரம் ஆண்டு முந்தியது. அறிவியலில் அவருக்குரிய பெருமை வேறு, சொல்லின் பிறப்பு வேறு. எந்தச் சொற்பிறப்புக் கதையைக் கேட்டாலும் முதலில் இரண்டு ஆண்டுகளை அருகருகே எழுதிப் பார்த்துவிட வேண்டும்.

குறிப்பெடுக்கும் முறை

ஒவ்வொரு சொல்லையும் அதன் சொந்த எழுத்திலேயே எழுதி வைக்க வேண்டும். தமிழில் மட்டும் குறித்தால் பல மொழிகளின் வேறுபட்ட ஒலிகள் ஒரே எழுத்தில் கலந்து, ஒலி விதியைக் காட்டும் தடயமே அழிந்துவிடும். சொல்லுக்குப் பக்கத்தில் அது மரபா கடனா, கடனென்றால் எந்த மொழியிடமிருந்து, முதல் சான்று எந்த நூற்றாண்டு, அன்றைய பொருள் என்ன, இன்றைய பொருள் என்ன என்று எழுதினால் போதும். பிரெஞ்சுக்குத் த்ரெஸோர் அகராதியின் இணையப் பதிப்பு முதல் சான்றின் ஆண்டையும் தருகிறது. விக்சனரி என்னும் இணைய அகராதி தேடலைத் தொடங்க நல்ல இடம். முடிக்கும் இடமாக அதை வைத்துக்கொள்ளக் கூடாது. இன்றைய பொருளை மட்டும் அந்தந்த மொழியின் ஒருமொழி அகராதியிலும், முடிந்தால் செய்தித்தாள் வாக்கியங்களிலும் பார்ப்பது நல்லது. இருமொழி அகராதிகள் அறை, அவை, கொட்டடி என்று அடுக்குமே தவிர, எது எங்கே வரும் என்று பெரும்பாலும் சொல்வதில்லை.

பயிற்சிக்குச் சாவி

அடுத்த சொல்லாகச் சாவியை எடுத்துக்கொள்ளலாம். லத்தீனில் கிளாவிஸ். அதன் தொடக்கத்தில் உள்ள ஒலிக்கூட்டு இத்தாலியத்தில் கியாவே, ஸ்பானியத்தில் யாவே, போர்த்துகீசியத்தில் ஷாவ என்று மாறியிருக்கிறது. அழைப்பதற்குரிய கிளாமாரே என்ற வினையும் இம்மூன்றில் அப்படியே மாறியிருப்பதால் இது விதிதான். போர்த்துகீசியத்தில் இன்று ‘ஷ’ என்று ஒலிக்கும் எழுத்து முன்பு ‘ச்’ ஆக ஒலித்தது. அந்தப் பழைய ஒலியைத் தமிழ்ச் சாவியும் இந்திச் சாபியும் காத்து வைத்திருக்கின்றன. பொருளிலோ, ஸ்பானியத்தில் தண்ணீர்க் குழாயின் திருகும், திருகாணி முடுக்கும் கருவியும் யாவேதான். கிளாவே என்று லத்தீன் சாயலோடு பின்னர் வந்த சொல் துப்பு, குறியீடு போன்ற அருவப் பொருள்களை எடுத்துக்கொண்டது. கழுத்துப்பட்டை எலும்புக்கு மருத்துவம் தந்த பெயர் ‘சிறு சாவி’.

சாவியால் பூட்டத்தக்க அறைக்கு லத்தீனில் கொன்கிளாவே என்று பெயர். 1268-இல் நான்காம் கிளெமென்ட் மறைந்தபின் புதிய போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆனதால், அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட பத்தாம் கிரகோரி, கர்தினால்களை ஓர் இடத்தில் அடைத்து வைத்தே தேர்தல் நடத்த வேண்டும் என்று 1274-இல் லியோன் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் விதி செய்தார். பூட்டிய அறையின் பெயர் அதற்குள் நடக்கும் தேர்தலுக்கு ஆயிற்று. இந்தச் சொல்லைத் தேடும்போது ஆணியைக் குறிக்கும் கிளாவுஸ் என்ற மற்றொரு லத்தீன் சொல்லும் இடையிடையே வந்து குழப்பும். ஸ்பானியத்தின் கிளாவோவும், ஆணி வடிவத்தால் பெயர் பெற்ற கிராம்பின் ஆங்கிலப் பெயரும் அதைச் சேர்ந்தவை என்பதால், அதற்குத் தொடக்கத்திலேயே தனிப் பக்கம் ஒதுக்கிவிட வேண்டும்.